மிதவையின் அந்த ஓரம்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். உன் முட்டி வலி தேவலையா?

கப்பல் மூழ்கி நீயும் உன் அத்தானும் மிதவையில் கிடந்த கதையைப் படமாக எடுக்கிறார்கள் என்றதும், எங்கள் தையல் கடையே துள்ளிக் குதித்தது. எல்லோரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. நேற்று பேப்பரில் விளம்பரம் பார்த்தேன். 'நடுக்கடலில் தனி ஒருவன்' என்று போட்டிருக்கிறது. தனி ஒருவனா? அப்படியானால் என் வீட்டுக்காரர் எங்கே?

நீ இந்த ஓரம், அவர் அந்த ஓரம், யார் நகர்ந்தாலும் கவிழும் என்று உன் புத்தகத்தில் எழுதியிருந்தாயே. அந்தப் பக்கத்தைத்தான் தினமும் எடுத்துப் படிக்கிறேன். அவர் உடம்புகூட எனக்குக் கிடைக்கவில்லை. படத்திலாவது அவரைப் பார்க்கலாம் என்றிருந்தேன். அதிலும் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாயே.

உன் அக்கா

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். படத்திலிருந்து அத்தானை எடுத்துவிடச் சொன்னவன் நான்தான்.

அவர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றுதான் புத்தகத்தில் எழுதினேன். டைரக்டர் என் கைத் தழும்பைப் பார்த்துத் துருவித் துருவிக் கேட்டார். வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "கடல் தண்ணியக் குடிச்சுப் புத்தி பேதலிச்சு உங்களையே கடிச்சாரா? சார், அந்த சீன்தான் படத்துக்கே உயிர்" என்றார். அந்த சீன் இருந்தால்தான் அத்தானும் இருப்பாராம். அப்படியானால் அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் நடுவில் உட்கார்ந்து நீ அதைப் பார்க்க வேண்டாம் அக்கா.

தினமும் ஒரு குளத்தில் மிதவையைப் போட்டு, எப்படி உட்காருவது என்று நடிகனுக்குக் காட்டுகிறேன். மனசே விட்டுப்போகிறது.

தம்பி

ஆகஸ்ட் 21

தம்பி,

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். நேற்று எங்கள் கடையில் எல்லோரோடும் போய்ப் படம் பார்த்தேன்.

மிதவையில் அந்த நடிகன் ஒருவன்தான். காலை நீட்டிப் படுக்கலாம். ஆனாலும் கடைசிவரை ஒரு ஓரத்திலேயே ஒடுங்கிக் கிடந்தான். "ஏன்டி, இவ்வளவு இடம் கிடக்கு, இவன் ஏன் மூலையிலயே முடங்கிக் கிடக்கான்?" என்றாள் முதலாளியம்மா. எனக்குத் தெரிந்துபோயிற்று. நீ உட்கார்ந்த மாதிரியே அவனுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். உனக்கே அது தெரிந்திருக்காது.

அதற்கப்புறம் நான் கதையைப் பார்க்கவில்லை. அந்தக் காலி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயோ தம்பி, அழுது தீர்த்துவிட்டேன்.

அவர் தூக்கத்தில் போனார் என்பதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. மெத்தையிலேயே தூக்கம் வராத மனுஷன், அங்கேயா தூங்கினார்? கடித்திருந்தாலும் அவர் என் வீட்டுக்காரர்தானே. அதை எனக்கு மறைக்கலாமா?

கிளம்பி வா. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொல். அந்தத் தழும்பை ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன். அவருடையது என்று தொட்டுப் பார்க்க எனக்கு வேறு எதுவும் இல்லை.

உன் அக்கா