ஜெபல் அலிக்குப் போன குழுத் தலைவி

துபாய்,
மார்ச் 2009

அன்புள்ள பாலமுரளிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். டொராண்டோ குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். சிரிக்க முடியாத சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கட்டுமானக் கம்பெனி தை மாதமே அவரை நிறுத்திவிட்டது. புது வேலையில் இருக்கும் பிள்ளையைக் கலவரப்படுத்தாதே என்று உனக்குச் சொல்லவிடாமல் அவர்தான் தடுத்தார். விசா முடிந்தால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று இருந்தபோது நான் வேலை தேடினேன். ஆமாம், இருபது வருஷமாகக் குக்கரை மட்டுமே அதிகாரம் செய்த அதே ஜெயபாரதிதான்.

நீ கம்ப்யூட்டரில் விட்டுப்போன அந்த ஆன்லைன் சண்டை விளையாட்டை, உன் ஞாபகம் வரும்போதெல்லாம் திறந்து பார்க்கப்போய், இப்போது நான் அதில் ஒரு குழுவுக்கே தலைவி. ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் லாரிகளை அனுப்பும் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். கேள்வி கேட்டவர் ஷம்சாத் என்ற கராச்சிக்கார அம்மாள். ஆட்களை வைத்து வேலை வாங்கிய அனுபவம் உண்டா என்றார். வீட்டு நிர்வாகம் என்று சொல்லும்படி அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா, ஐந்து நாட்டுக்காரர்கள், இருபத்தைந்து பேர் என்று சொல்லிவிட்டது. எந்தக் கம்பெனி என்றார். டிராகன் கொல்லும் கம்பெனி என்று ஒப்புக்கொண்டேன். பட்டுப்புடவையும் குங்குமமுமாக உட்கார்ந்துகொண்டு சொல்கிற பதிலா அது? அவர் பேனாவை மூடினார், நான் கைப்பையை எடுத்தேன்.

ஆனால் அவர், உங்கள் ஆட்களுக்குள் சண்டை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மணிலாப் பையனும், இங்கே பக்கத்துப் புஜைராப் பையனும் விளையாட்டில் கிடைத்த ஒரு வாளுக்காக முறைத்துக்கொண்டதைச் சொன்னேன். தனித்தனியாகப் பேசியபோது, புஜைராக்காரனுக்கு வாள் பெரிதில்லை, முந்தின ஆட்டத்தில் நாங்கள் அவனை விட்டுவிட்டுப் போனதுதான் வருத்தம் என்று தெரிந்தது. அடுத்த ஆட்டத்தில் அவனை முன்னால் விட்டேன், அவனே வாளை மற்றவனுக்குக் கொடுத்துவிட்டான். ஷம்சாத் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். பிறகு, என் மகனும் இதில்தான் கிடக்கிறான், அவனிடம் திட்டுவதைத் தவிர நான் எதுவும் பேசியதில்லை என்றார். மறுவாரமே வேலைக்கு வரச் சொன்னார்கள்.

உடனே பெருமைப்படாதே. முதல் நாள் டிரைவர்களைப் பார்த்து, "சலோ பாய், யல்லா!" என்று இந்தியும் அரபியும் கலந்து கிளம்பச் சொல்லி அதட்டிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். அத்தனை பேரும் மறுபேச்சில்லாமல் பின்னால் வந்தார்கள். வெகுதூரம் போன பிறகு, கௌஸ் முகைதீன் என்ற நம்ம ராமநாதபுரத்து டிரைவர் மெதுவாக, "அக்கா, நம்ம வண்டியெல்லாம் அந்தப் பக்கம் நிக்குது" என்றார். முதலிலேயே சொல்வதற்கென்ன என்றேன். "நீங்க போன வேகத்தப் பாத்து, வண்டியத்தான் மாத்தி நிப்பாட்டிட்டாங்கன்னு நெனச்சோம்க்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அன்று லோடு நேரத்துக்குப் போய்விட்டது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. முருகன் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மறக்காதே: போன் பண்ணும்போது அப்பாவிடம் வேலை என்னாயிற்று என்று கேட்காதே. இன்றைக்கு என்ன சமையல் என்று கேள். ரசம் நன்றாக வைக்கிறார், சொல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா ஜெயபாரதி