உன் கேக், அவளுக்கு

ஓவனிலிருந்து வெனிலா வாசனை வரத் தொடங்கியதும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் செய்வது சரிதானா? வரப்போகிறவர்கள் உன் கணவர், உன் மகள், அப்புறம் அவர் மறுமணம் செய்துகொண்ட பெண். அவளுக்குப் போய் உன் கேக்கையா செய்வேன்?

நீ இறந்துபோன பிறகு டல்லாஸுக்குக் குடிபோனவர்கள், இப்போதுதான் முதல் தடவையாக இங்கே நியூஜெர்சிக்கு, நம் எடிசனுக்கு வருகிறார்கள். "பாப்பா உங்களைப் பார்க்கணும்ங்கறா" என்று உன் கணவர் போனில் சொன்னபோது, சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்றே புரியவில்லை.

வேலைக்குப் போக விசா இல்லாமல், எதிரெதிர் வீட்டில் நாம் அடைந்து கிடந்த குளிர்காலத்தில் நீ கற்றுத்தந்த கேக் இது. தயிர், சர்க்கரை, எண்ணெய், மைதா, சோடா மாவு, வெனிலா, எல்லாம் ஒரே பாத்திரத்தில். "முட்டை வேணாம், க்ரீம் வேணாம். கலக்கி ஓவன்ல வை, அவ்ளோதான்டி" என்பாய். உன் மகள் என் இடுப்பில் உட்கார்ந்து கரண்டியை நக்கிக்கொண்டிருப்பாள்.

காரிலிருந்து இறங்கி வந்தவள் இப்போது என் தோள் உயரம். ஒரு துண்டு தின்றுவிட்டு, "ஆன்ட்டி, இட் டேஸ்ட்ஸ் லைக் அம்மாஸ்" என்றாள். அம்மா செய்வது போலவே இருக்கிறதாம். அந்தப் பெண்ணையும் அவள் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். எந்த அம்மா? உன் கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காவைத்தான் சொல்றா" என்றாள் அந்தப் பெண். உன்னைப் பார்த்தே இராதவள், உன்னை அக்கா என்கிறாள். "எனக்கு கேக் பண்ண வராது. நீங்க சொல்லித் தர்றீங்களா?"

சமையலறைக்கு அழைத்துப் போனேன். மாவைக் கலக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "அக்கா எப்படி இருப்பாங்க? இவர்கிட்ட கேட்டா எழுந்து போயிடறார்."

டிரைவிங் டெஸ்ட்டில் உன்னை ஃபெயில் பண்ணிய அதிகாரியை, சிரித்த முகத்தோடு தமிழில் நீ திட்டித் தீர்த்ததைச் சொன்னேன். அவர் பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னதையும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் மாவு தரையில் கொட்டியது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இருவருக்கும் ஏனோ கண் கலங்கியது.

இரண்டாவது கேக்கை அவர்களுக்குக் கட்டிக் கொடுத்தேன். வாசலில் அந்தப் பெண் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுக் காரில் ஏறினாள்.

அவளை எனக்குப் பிடித்துவிட்டது. அது உனக்குச் செய்யும் துரோகமா? தெரியவில்லை. அவர்கள் கார் திரும்பி மறைந்ததும், எதுவானாலும் முதலில் உன்னிடம் சொல்லிவிடும் பழக்கத்தில், நீ இருந்த எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டேன்.