சுறவன் சொல்லி முடிக்கும் வரை

திரை ஓயாத பவழக்கரை நாடும், அந்நாட்டு நாவாய்களும், அவற்றில் ஏறும் மக்களும் நீடூழி வாழ்க. முத்துத்துறை முதல் மேலைமலை ஈறாக ஒரு குடைக்கீழ் ஆளும் பேரரசி வேங்கைமாதேவி, மேலைமலைப் பாடிவீட்டிலிருந்து எல்லை காக்கும் பேரமைச்சரும், நாவன்மையால் சொல்லரையர் என்று பட்டம் பெற்றவருமாகிய பெருந்தகைக்கு விடுக்கும் திருமுகம். உமது குடியின் நலமும், படையின் நலமும், தொண்டையின் நலமும் அறிய விழைகிறோம்.

உமது ஓலை கண்டோம். அரசுப் பணிக்குச் செல்லும் மாணாக்கருக்குப் பிறர் சொல்வதைக் கேட்கக் கற்பிக்கும் நமது கேள்விச்சாலையை இழுத்து மூடவேண்டும் என்றும், காது பிறவியிலேயே வந்துவிட்டபோது அதற்கு ஒரு பள்ளி எதற்கு என்றும் வினவியிருந்தீர். நல்ல வினா. இதற்கு விடை கூற வல்லவர்கள் வன்தீவுக் கொள்ளையர். அவர்கள் இப்போது நமது சிறையில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்!

நடந்தது இது. நீர் மலையேறிய பின் வன்தீவார் கழிமுகத்தை அடைத்தனர். எதிர்த்துச் செல்லவேண்டிய நம் மாலுமிகளோ நாவாய் ஏற மறுத்துவிட்டனர். அவர்களின் தலைவன் மீகாமன் சுறவன், துடுப்புகளை மணலில் குத்தி நிறுத்தி, நடுவே சப்பணமிட்டு அமர்ந்துவிட்டான். நீர் முன்பே சொல்லிப்போன யோசனைப்படி துறைமுக அதிகாரி போய் இரட்டைச் சம்பளம் என்றார், காறித் துப்பினான். தளபதி போய் விலங்கைக் காட்டினார், சிரித்தான். அன்று கடல்நீர் ஏறுவதற்குள் நாவாய்கள் நகராவிட்டால் பகைவர் துறைக்குள் புகுவர். சுறவன் தலையும் உருளும். அந்த ஆணைக்காகத் தளபதி நம் முன் கைகட்டி நின்றார்.

யாம் கேள்விச்சாலைக்குச் சென்று, அவனிடம் பேச யார் போகிறீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் ஒருத்தி எழுந்துவிட்டாள். கோதைநாகி. உப்பளத்தார் மகள். சாலையில் அவளுக்கு வழங்கிய பெயர் அவசரக்குடுக்கை. எதிரே இருப்பவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லி, அவர் ‘அதுதான்’ என்று ஒப்பிய பிறகே நம் பதிலைச் சொல்லலாம் என்பது அங்கே முதல் பாடம், மீட்டுரை என்பார்கள். அதில் அவள் தேறியதே இல்லை. வேறு எவரும் எழவில்லையாதலால் அவளையே அனுப்பினோம்.

இனி வருவன அவரவர் நாவில் வந்தபடியே எழுதப்படுகின்றன. கேட்டதை அழகுபடுத்துவது அச்சாலையில் குற்றம்.

“வாங்க தாயீ!” என்றான் சுறவன். “மொத ஆளு பணப்பையோட வந்தாரு. அடுத்தவரு விலங்கோட வந்தாரு. நீங்க என்ன கொண்டாந்தீக?”

“ஒண்ணும் கொண்டாரலை அண்ணாச்சி. கேக்க வந்தேன்.”

“இது என்ன புதுக் கூத்து?”

மாலுமிகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் மணலில் உட்கார்ந்தாள். சுறவன் தொடங்கினான். பாய் கிழிசல், அரிசியில் வண்டு, நங்கூர வடம் இற்றுப்போனது என்று அடுக்கினான். பண்டகசாலையில் புதுப்பாய் கிடக்கிறதே என்று சொல்ல அவள் வாய் துடித்தது. விரல்களை மணலுக்குள் புதைத்துக்கொண்டாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். அலை கணுக்கால் வரை வந்துவிட்டது. கோட்டைமேல் தளபதி பொறுமையிழந்து உலாவினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“பாயி, அரிசி, வடம். இது மூணும் சரியானா ஏறிருவீக. அதானே அண்ணாச்சி?”

“இல்ல.”

சொல்லரையரே, இந்த ‘இல்ல’ என்பதைக் கேட்க நம் அதிகாரி எவரும் அங்கே இருந்ததில்லை. தத்தம் பதிலைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டனர்.

கோதைநாகி எழவில்லை. குறைகளை அடுக்கும்போதெல்லாம் அவன் கை ஒரே ஒரு துடுப்பைத் தடவிக்கொண்டிருந்ததை அவள் கண்டிருந்தாள்.

“இது யாரு துடுப்பு?”

அவன் குரல் மாறியது. “எந்தம்பி கயலனுது. ஓடிப்போனவன்னு பறை அறைஞ்சீகளே, அவனுது.”

பிறகு எல்லாம் வந்தது. நீர் மலையேறுமுன் வீசிய புயலன்று பாறையில் மோதிய வணிகக் கப்பலுக்குக் கயலனும் கூட்டாளிகளும் படகு விட்டிருக்கிறார்கள். சிக்கியவர்களைப் பக்கத்துத் தீவில் இறக்கி இறக்கித் திரும்பியவர்கள், கடைசி நடையில் கவிழ்ந்தார்கள் என்று அத்தீவில் பிழைத்தவர்கள் பிறகு சுறவனிடம் சொல்லியிருக்கிறார்கள். விடிந்ததும் படகைக் காணோம். பணியை விட்டு ஓடினர் என்று நீர் பறை அறைவித்தீர்.

“சொல்லத்தான் வந்தோம் தாயீ. படகு என்ன விலைன்னு கேட்டாரு அதிகாரி. அதோட வாயை மூடிக்கிட்டோம்.”

கோதைநாகி திருப்பிச் சொன்னாள். “உங்க தம்பி ஓடலை. ஊரான் உசுரைக் காப்பாத்தப் போயி செத்தாரு. கூடப் போனவுகளும் அப்படித்தான். அதை ஊரறியச் சொல்லாம நீங்க கடல்ல இறங்க மாட்டீக. அதானே?”

சுறவன் துடுப்பிலிருந்து கையை எடுத்தான். “அதான்,” என்றான். “அதேதான்.”

அவள் ஓடி வந்து சொன்னதும் யாமே இறங்கினோம். ஓடினர் என்று அறைந்த அதே தெருக்களில், காத்தனர் என்று பறை முழங்கியது. பெயர் பெயராகச் சொன்னோம். கடைசிப் பெயர் ஒலித்ததும் சுறவன் எழுந்தான். “ஏலே, என்னலே வேடிக்கை? துடுப்பைப் புடுங்குங்கலே!”

அப்புறம் நடந்தது போர் அன்று, திருவிழா. கிழிந்த பாயோடே பாய்ந்தார்கள். பொழுது சாயுமுன் வன்தீவாரின் தலைமை நாவாய் நம் துறையில் கட்டுண்டு கிடந்தது. மற்றவை திசைக்கொன்றாய்ச் சிதறின. நகரமே கரையில் நின்று சங்கு ஊதியது. வெற்றி! பழுதற்ற வெற்றி!

ஆகவே ஆணை கேளீர். கேள்விச்சாலை மூடப்படாது. துறைமுகம், பண்டாரம், சுங்கம், படை எங்கும், அங்கே பயின்று தேறாதார் எவரும் இனிப் பணியேறலாகாது. கோதைநாகிக்குத் துறைக்கேள்வி நாயகம் என்னும் பதவி அளித்தோம். பதவியின் பெயரை யாம் சொல்லி முடிக்குமுன் சரி என்றாள். பாடம் இன்னும் பாக்கி இருக்கிறது.

உமக்கும் ஒரு பணி உண்டு. இவ்வோலை கண்டதும் மலையிறங்கி வாரும். அரண்மனைக்கு அன்று, நேரே கடலோரத் தெருவுக்கு. கயலன் மனைவி அங்கே இருக்கிறாள். அவள் வாசலில் அமரும். அவள் ஏசினால் ஏச்சைக் கேளும். அழுதால் அழுகையைக் கேளும். பேசாதிருந்தால் அதையும் கேளும். அவள் கணவன் எப்படிப்பட்டவன் என்று அவள் சொல்லி முடிக்கும் வரை நாவன்மையை மடியில் முடிந்து வையும். நமது கோட்டை வாயில் உமக்கு அதன் பின்னரே திறக்கும்.

வேங்கை இலச்சினை இட்டு, கடல் சான்றாக விடுத்தோம். இது நம் ஆணை.