சிவப்பு நாடா கட்டிய கிளை

மார்ச் 2
பக்கத்துத் தோட்டத்து பிளம்ஸ் மரங்களை வேரோடு பிடுங்கி எரிக்கிறார்கள். மரத்துக்கு வரும் அம்மை வைரஸ்; மருந்து கிடையாது. அடுத்தது தன் தோட்டம்தான் என்று அண்ணன் புலம்புகிறான்.

மார்ச் 5
நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கே வந்துவிட்டான். எங்கள் மரத்தைக் காட்டினேன். வைரஸின் மரபணுவில் ஒரு துண்டை இதற்குள் முன்பே வைத்திருக்கிறோம். வைரஸ் நுழைந்தால் மரம் அடையாளம் கண்டு அடக்கிவிடும்.

"சிவப்பு நாடா கட்டின கிளையில வேணும்னே நோய் புடிச்ச மரத்து மொட்டை ஒட்டி வச்சிருக்கோம்ணா. ஏழு வருஷமாச்சு, மரம் அசையல." பெருமை பீற்றிக்கொண்டேன்.

"என் மரத்துல ஒட்டுக்கட்ட ஒரு குச்சி குடேன்."

"அரசு அனுமதி வரட்டும்."

"அது வர்றதுக்குள்ள என் கதை முடிஞ்சிடும்."

சட்டம் பேசுகிறேனாம். பேசத்தான் செய்வேன். வேலை போனால் இவனா தருவான்?

மார்ச் 19
போனில் அண்ணன் ஒரே குஷி. என்னவென்று கேட்டால் சிரிக்கிறான்.

மே 23 – அடுத்த வருடம், புது டைரி
அண்ணன் தோட்டத்து இலைகள் எங்கள் ஆய்வகத்துக்கே வந்தன. சோதித்தது நான். வைரஸ் இருக்கிறது. பக்கத்திலிருந்து அசுவினிப் பூச்சி கொண்டுவந்தால் ஓரத்து மரத்தில் அல்லவா தொடங்கும்? இது நட்ட நடுவில்.

மே 24
போய்ப் பார்த்தேன். நடுமரத்தில் ஓர் ஒட்டு. அதில் எங்கள் சிவப்பு நாடா, அவிழ்க்கக்கூட இல்லை.

"நாடா கட்டினதுதானே நல்ல கிளை? நீதானே சொன்னே?"

அடப்பாவி. அது நோயை வைத்த கிளை. எங்கள் மரம் தாங்கும், உன் மரம் எப்படித் தாங்கும்? மரம் முழுக்க எத்தனை கிளை இருந்தது – அதுதானா கிடைத்தது உனக்கு? காதில் பாதிதான் விழுந்ததா?

ஜூன் 8
முழுத் தோட்டத்தையும் எரித்தார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டப்பவே குடுத்திருந்தா நல்ல குச்சியா குடுத்திருப்பே. இனிமே உன் ஒட்டும் வேணாம், உறவும் வேணாம்."

திருடியது அவன், குற்றவாளி நான். நல்ல நியாயம். அப்புறம் எதுக்கு எனக்கு அழுகை வருது?

நவம்பர் 30
அனுமதி வந்தது. நிலையத்தில் எல்லாரும் கைகுலுக்கினார்கள். நாடா இல்லாத கிளையாகப் பார்த்து ஒரு குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணி வாசலிலேயே நின்றாள்.

"எதுல ஒட்டுவே? தோட்டத்துல இப்ப வெங்காயம்தான் போட்டிருக்கோம்."