முப்பத்தொன்றாம் தேதி

பாலக்கோடு
20.7.2025

அன்புள்ள பாஞ்சாலி அக்காவுக்கு,

சாதியா எழுதுகிறேன். இலவசச் சட்ட உதவி வக்கீல் சந்திரமோகன் சாருடன் சிறைக்கு வந்தேனே, அந்தச் சட்டக்கல்லூரி மாணவி. அவரிடம் ஒரு மாதப் பயிற்சி முடித்து டைரி கொடுத்தால்தான் எனக்கு மதிப்பெண்.

மாரண்டஹள்ளி போய் உங்கள் மகள் நிர்மலாவைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ராமக்காள் நன்றாகத்தான் வைத்திருக்கிறார். தலை பின்னிவிட்டேன். "எங்கம்மா இன்னும் இறுக்கமாப் பின்னும்" என்றாள்.

அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தராவிட்டால் ஜாமீன் உங்கள் உரிமை அக்கா. அவர்கள் தருவதற்குள் நாம் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் உள்ளே வந்து அறுபது நாள் ஆகஸ்ட் 7ஆம் தேதியோடு முடிகிறது; 8ஆம் தேதி காலையிலேயே போட மனு எழுதிவிட்டேன். கையெழுத்து வாங்க 31ஆம் தேதி நேரில் வருகிறேன்.

அன்புடன்,
சாதியா

பெண்கள் சிறை
24.7.2025

சாதியா பாப்பாவுக்கு,

லெட்டர் கெடச்சுது. நாலு தடவ படிச்சேன்.

வேல செஞ்ச வூட்டுல செயினக் காணோம்னதும் என்னத்தான் புடிச்சாங்க. நான் எடுக்கல பாப்பா. அத நம்புன மொத ஆளு நீங்கதான்.

ராமக்காள் ஆகஸ்ட் கடைசியில ஓசூருக்கு மகன் வூட்டுக்கே போயிருதாம். புள்ளயோட அப்பன் எங்களை வுட்டுட்டுப் போயி நாலு வருசம். அப்புறம் நிர்மலாவ கவர்மெண்டு ஹோம்லதான் சேத்துருவாங்க. எட்டு வயசுப் புள்ள, இருட்டுன்னா பயப்படும். 31ந் தேதி வந்துருங்க.

பாஞ்சாலி

பாலக்கோடு
19.8.2025

அக்காவுக்கு,

31ஆம் தேதி நான் வரவில்லை. டைரியில் சாரிடம் கையெழுத்து வாங்க மாலை வரை கோர்ட் வாசலில் நின்றேன். அன்றுதான் டைரிக்குக் கடைசி நாள். உங்கள் மனுவை அவர் கையில் கொடுத்து, "பாஞ்சாலி அக்கா கையெழுத்து வாங்கணும் சார்" என்றேன். போனில் பேசிக்கொண்டே தலையாட்டினார். அது போதுமென்று கல்லூரிக்குப் போய்விட்டேன். ஒரு போன்கூடச் செய்து கேட்கவில்லை.

மனு அவர் மேசையிலேயே கிடந்திருக்கிறது. 11ஆம் தேதி போலீஸ் குற்றப்பத்திரிகை கொடுத்துவிட்டார்கள். இனி அந்த உரிமை இல்லை. வேறு ஜாமீன் மனு போடலாம்; கிடைக்குமா, எத்தனை நாளாகும், தெரியவில்லை.

எனக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

சாதியா

பெண்கள் சிறை
10.9.2025

மேடம் அவர்களுக்கு,

31ந் தேதி காலையிலயே குளிச்சிட்டு, பேர் கூப்புடுவாங்கன்னு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன்.

நிர்மலாவ ஹோம்ல சேத்து பத்து நாளாச்சு. சரியாச் சாப்புடறதில்லயாம்.

குத்தத்த ஒத்துக்கிட்டா உள்ள இருந்த நாளையே தண்டனையாக் கழிச்சு வுட்டுருவாங்கன்னு இங்க சொன்னாங்க. நேத்து கோர்ட்ல, "எடுத்தியாம்மா?"ன்னு ஜட்ஜ் ரெண்டு தடவ கேட்டாரு. புள்ள மூஞ்சிதான் கண்ணுல நின்னுது. எடுத்தேன்னு சொல்லிட்டேன்.

வெள்ளிக்கிழம வுட்டுருவாங்க. நேரா ஹோமுக்குத்தான் போவேன். திருடிகிட்டப் புள்ளயக் குடுப்பாங்களா மேடம்? அதக் கேக்காமயே ஒத்துக்கிட்டேன்.

நீங்க வர வேணாம்.

பாஞ்சாலி