கையில் ஒரு சைக்கிள் பெல்

5 செப்டம்பர் 2020
டாக்டர் போனில் இரண்டு விஷயம் சொன்னார். என் மனைவி மேரி தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். கொரோனா முடியும்வரை யாரும் ஆறடிக்குள் அவள் பக்கத்தில் வரக்கூடாது. அவள் அக்கா கொடுத்த கிட்னியை உடம்பு ஏற்றுக்கொள்ள விழுங்கும் மாத்திரை, நோயை எதிர்க்கும் சக்தியைக் குறைத்துவிடுமாம். காலனிக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் இருக்கும் ஒரே நடைபாதை நாலடி அகலம். ஆறடிக்கு நான் எங்கே போவேன்?

7 செப்டம்பர்
தோல்வி. நான் முன்னால், மேரி பத்தடி பின்னால். எதிரே ஆள் வந்தால், "ஏனுங்க, கொஞ்சம் தள்ளிப் போறீங்களா?" என்கிறேன். மாஸ்க்குக்குள் அது யாருக்குக் கேட்கிறது? நம் ஊரில் "ஏனுங்க" என்று கூப்பிட்டால் எட்ட நின்று பதில் சொல்வது மரியாதை இல்லையே. "என்னங்க சொன்னீங்க?" என்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு நெருங்கி வருகிறார்கள்! மேரி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கிற விஷயமா இது? ஆனால் அவள் சிரித்து எத்தனை மாதமாயிற்று.

8 செப்டம்பர்
பழைய சைக்கிளின் பெல்லைக் கழற்றிக் கையில் பிடித்து அடித்துக்கொண்டே நடந்தேன். சைக்கிள் வருகிறதென்று எல்லோரும் தாமாகவே ஓரம் போகிறார்கள். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. கிளமென்ட், நீ கெட்டிக்காரன்தான்டா.

12 செப்டம்பர்
எதிர்வீட்டு பாலுசாமி அண்ணன் மட்டும் பெல்லுக்கு அசையவில்லை. மேரி ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் எங்கள் பூனைக்குச் சோறு வைத்தவர். "என்ன அம்மணி, இப்படி எளச்சுப்போய்ட்டே?" என்று அவளிடமே போனார். கத்திவிட்டேன். "அறிவிருக்குதுங்களா? அவளக் கொல்லப் பாக்கறீங்களா? தள்ளிப் போங்க!"
'ங்க' போட்டுத்தான் கத்தினேன், அதில் குறை வைக்கவில்லை. மனிதர் பாதையோரத்துப் பார்த்தீனியச் செடிக்குள் இறங்கி நின்றார். மேரி அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

13 செப்டம்பர்
மன்னிப்புக் கேட்கலாமென்றால் பக்கத்தில் போகக்கூடாது. மன்னிப்பைப் போய்த் தூரத்திலிருந்து கத்தியா கேட்பது? போகவில்லை.

16 செப்டம்பர்
பட்டறையில் என் பக்கத்து லேத் மெஷினில் வேலை செய்யும் சபரீஷுக்கு கொரோனா பாசிட்டிவ். விடுப்பு முடிந்து இன்றுதான் வந்தான். பத்து மணிக்கு ஒன்றாக டீ குடித்தோம், மூன்று மணிக்கு ரிசல்ட் வந்துவிட்டது. எனக்கும் பதினாலு நாள் தனிமை. வீட்டில் இருப்பது ஒரே அறை, எப்படி உள்ளே போவேன்? தெருவில் நின்றபடியே மேரிக்குப் போன் செய்தேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.
எதிர்வீட்டு வாசலிலிருந்து குரல். "தம்பி, எங்கூட்டு மாடி ரூம் சும்மாத்தானுங்க கெடக்குது. படி வெளியிலதான் இருக்குது, மேல போயிருங்க. சோறு படியில வெச்சுப்போடறனுங்க."
பாலுசாமி அண்ணன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

17 செப்டம்பர்
பெல் என் பேன்ட் பையிலேயே வந்துவிட்டது. மேரியிடம் ஒன்றுமில்லை. இன்று நடக்காதே என்று போனில் சொன்னேன். "டாக்டர் சொன்னாருங்களே" என்று கிளம்பிவிட்டாள். ஜன்னலில் நின்றேன்.
பெல் சத்தம்! முன்னால் பாலுசாமி அண்ணன், கையை உயர்த்தி அடித்துக்கொண்டே போகிறார். பத்தடி பின்னால் மேரி. கீழே அவர் சைக்கிள் பெல் இல்லாமல் நிற்கிறது.

22 செப்டம்பர்
டெஸ்ட் நெகட்டிவ். ஆனாலும் பதினாலு நாளை முடித்தே ஆகவேண்டும். தினமும் ஜன்னலுக்குக் கீழே வந்து மேரி "ஏனுங்க" என்கிறாள். கூப்பிட்டும் போகாமல் மேலேயே நின்று பதில் சொல்கிறேன். முப்பது வருஷத்தில் இப்படிச் செய்ததில்லை.

30 செப்டம்பர்
"ஏனுங்க."
இறங்கிப் போய் அவள் முன்னால் நின்றேன்.
சாயங்காலம் சேர்ந்து நடந்தோம். எதிரே பாலுசாமி அண்ணன். நான் பெல்லை எடுக்கவில்லை. மேரி கையைப் பிடித்துக்கொண்டு நான் செடிக்குள் இறங்கினேன், அவர் போகட்டுமென்று. அவரோ பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.
"அன்னைக்கு நான் பேசுனது தப்புங்ணா!" கத்தித்தான் சொன்னேன்.
"என்னங்க சொன்னீங்க?" கிட்டே வரவில்லை. காதில் கையை மட்டும் வைத்துக்கொண்டார்.
மூன்று தடவை சொல்லவைத்தார். முதல் தடவையே அவருக்குக் கேட்டுவிட்டது என்கிறாள் மேரி.