எட்டாம் வகுப்பில் ஓர் இடம்

மேற்கு மாம்பலம், சென்னை-33
14-6-1974

அன்பு மகன் ஜவஹருக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பிலாய் வெயிலில் நீயும் ஜானகியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. இருபத்திரண்டாம் தேதி வந்து தங்கத்தை இங்கே பள்ளியில் சேர்க்க அழைத்துப் போகிறேன், திரும்பிப் போக இரண்டு டிக்கெட்டுக்குச் சொல்லியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு உலையில் போடாமல் வந்து மறுபடி உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். அப்பாவிடம் காட்டினால் அவர், “பொய் எழுதுனது நீ, நெசத்தையும் நீயே எழுது, என்னைய நடுவுல இழுக்காத” என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அதனால் எழுதுகிறேன். தங்கத்துக்கு இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் எனப் போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா, அது உண்மை இல்லை. இடம் கொடுத்தார்கள். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்கு ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும். அப்பா வேலை பார்த்த ஜவுளிக்கடையைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டு, அவருக்கு வேலை போய், எழுபத்திரண்டு அக்டோபரில் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து இங்கே வந்தோம். தங்கம் அப்போது ஏழாம் வகுப்பு, வைரவன் இரண்டாம் வகுப்பு. நடு வருஷத்தில் சேர்க்க மாட்டோம் என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள், கட்டட நிதி கேட்டார்கள் இன்னொரு பள்ளியில். கார்ப்பரேஷன் பள்ளியில் கொட்டகை ஒழுகி, பிள்ளைகளை முறை வைத்துப் பாதி நேரம்தான் உட்கார வைத்தார்கள். ஜூன் வரைக்கும் நானே வீட்டில் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். உன் பழைய பாடப் புத்தகங்களை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். ஓரத்தில் நீ பென்சிலால் எழுதி வைத்திருந்த விடைகளை எல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து ரப்பரால் அழித்தேன். அணாவை அடித்துப் பைசா என்று திருத்தினேன், மைலைக் கிலோமீட்டர் ஆக்கினேன், பவுண்டைக் கிலோ ஆக்கி, அதற்குத் தகுந்தபடி பின்பக்கத்து விடைகளையும் நானே மாற்றி எழுதினேன். அப்பாவின் பழைய கடையிலிருந்து வந்த பில் புத்தகங்களின் பின்பக்கம்தான் நோட்டு. சமையலறைச் சிமெண்டுத் தரைதான் கரும்பலகை, எழுதி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சமைப்பேன். காலை ஒன்பதரைக்குக் குளித்து, தலை வாரி, பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் போலவே வந்து உட்கார வேண்டும் என்று சட்டம் போட்டேன். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கும்போது வைரவன் வாய்ப்பாடு சொல்லுவான். டின்னை வைத்துக்கொண்டு பின்னால் நின்ற ஓர் ஆள், “இன்னாம்மா, கியூலயே இஸ்கூல் நடத்திக்கினு கீற, நம்ம புள்ளையும் இட்டாந்து வுடட்டா” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

ஜூன் வந்தது, அப்பாவுக்கும் பாண்டி பஜாரில் வேலை கிடைத்தது. அப்போதே சேர்த்திருக்கலாம். இன்னும் ஒரு வருஷம் போகட்டும், கையில் கொஞ்சம் சேரட்டும் என்று நான்தான் சொன்னேன். கையில் இல்லை என்பது முதல் வருஷத்துக்கு உண்மை. இரண்டாம் வருஷத்துக்கு அது நான் சொல்லிக்கொண்ட காரணம். கணக்கில் பி.ஏ. வாங்கி இருபத்தைந்து வருஷமாகப் பால்காரனுக்குத்தான் கணக்குப் போட்டேன் ஜவஹர். ஒன்பதரைக்கு இரண்டு பேர் எதிரில் வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறார்கள் என்றால் அது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை விட மனசு வரவில்லை.

இந்த ஜூன் மூன்றாம் தேதி தங்கத்தை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க அழைத்துப் போனேன். இரண்டு வருஷம் வீட்டில் இருந்த பெண் என்பதால் பரீட்சை வைத்துத்தான் சேர்ப்போம் என்றார்கள். தமிழ், இங்கிலீஷ், சரித்திரம் எல்லாவற்றிலும் நன்றாக எழுதியிருந்தாள். கணக்குத் தாளில் முதல் இரண்டு கேள்விக்கு மட்டும் விடை, மீதி அப்படியே வெள்ளையாக இருந்தது. தலைமையாசிரியை கோமளம் அம்மாள் மயிலாப்பூர்க்காரர், தங்கத்தை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இவளுக்குக் கணங்கள் என்றால் என்னவென்றே தெரியவில்லையே என்றார். அதெல்லாம் எட்டாம் வகுப்பில் கிடையாது, நான் கணக்குப் பட்டதாரி, எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர் மேஜையிலிருந்து புதுப் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஒன்றின் மேல் ஒன்று ஏறின மாதிரி இரண்டு வட்டங்கள், நடுவில் கோடு கோடாக அடைத்திருந்தது, பக்கத்தில் நான் பார்த்தே இராத குறிகள். பாடத்திட்டமே மாறியிருக்கிறது. அணாவையும் மைலையும் மாற்றினால் புத்தகம் புதுசாகிவிடும் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். கோமளம் அம்மாள் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. “நீங்க நன்னாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேள், ஆனா பழைய கணக்கைச் சொல்லிக் குடுத்துட்டேள். எட்டாவதுல சேத்துக்கறேன், ஒரு வருஷத்துல சரியாயிடுவா” என்றார். என் பெண்ணைக் கீழ் வகுப்பில் உட்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வெளியில் தங்கம் என்னம்மா சொன்னாங்க என்று கேட்டாள். இடம் இல்லையாம் என்றேன். அன்றைக்கு மாலையே உனக்கும் அதையே எழுதினேன்.

பத்து நாளில் அந்தப் பாடத்தை நானே படித்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்து, மறுபரீட்சை எழுத வைத்து ஒன்பதிலேயே சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முன் போர்ஷனில் தையல்காரர் பீர் முஹம்மது குடியிருக்கிறார், அவர் மகள் கைசர் ஜஹான் அதே பள்ளியில் இப்போது எட்டுக்குப் போகிறாள். அக்காவிடமிருந்து வாங்கின புத்தகம் அவளிடம் இருந்தது. அந்தப் பெண் பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்து வட்டம் போட்டாள். “இது காப்பி குடிக்கிறவங்க, இது டீ குடிக்கிறவங்க. எங்க வீட்டுல எல்லாரும் டீ, நீங்க காப்பி. உங்க வீட்டு அய்யா அங்க காப்பி குடிச்சிட்டு எங்க அத்தாகிட்ட வந்து டீயும் குடிக்கிறார்ல, அவருதான் நடுவுல” என்றாள். அப்பா அப்படிப் பீர் முஹம்மதுவிடம் போய் டீ குடிக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு விளங்கிவிட்டது, விளங்கினதும் ஆசையாகத் தங்கத்தைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. இடமே இல்லைன்னுட்டாங்க, இனி எதுக்கு என்று சொல்லிவிட்டு முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்குத் தலை வாரிக்கொள்வதையும் நிறுத்திவிட்டாள். தான் பரீட்சையில் தோற்றதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், தோற்றது நான் என்று என்னால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை.

நேற்று உன் கடிதம் வந்ததும் அவளே வாங்கிப் படித்தாள். சாயங்காலம் பார்த்தால் தன் பாவாடை சட்டைகளை மடித்து ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அங்கே எல்லாம் ஹிந்தியிலதான் நடத்துவாங்களாம், உனக்கு எழுத்து தெரியுமாம்மா, எழுதிக் காட்டு என்றாள். பதின்மூன்று வயதுப் பெண், என் ஒரு பொய்யினால் ஆயிரம் மைலுக்கு அப்பால் போகத் துணி மடிக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள், கத்துவாள் என்று பயந்தேன். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டு, “எட்டாவதுன்னா கைசரோட கிளாஸ்தான?” என்றாள். ஆமாம் என்றேன். மடித்த சட்டையைப் பையில் வைக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, “என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா. கூட நாலு புள்ளைக இருந்தா எந்தக் கிளாஸா இருந்தா என்ன?” என்றாள். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது நான் அதைக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்கவே இல்லை.

இன்றைக்குக் காலையில் மறுபடி கோமளம் அம்மாளிடம் போய் நின்றேன். இடம் இன்னும் இருக்கிறது என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். தங்கம் இன்றே வகுப்பில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வரும்போது பனகல் பார்க்கிலிருந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தேன், பஸ்ஸில் உட்கார முடியும் என்று தோன்றவில்லை. வீட்டில் வைரவன் குளித்து, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, பில் புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தான், மணி பதினொன்று ஆகியிருந்தது. பாடம் ஆரம்பிக்கலாமா என்றேன். “எனக்கு எப்பம்மா?” என்றான். பாடத்தைக் கேட்கவில்லை, பள்ளிக்கூடத்தைக் கேட்கிறான். கார்ப்பரேஷன் பள்ளிக் கொட்டகைக்கு இப்போது ஓடு போட்டுவிட்டார்களாம். நானும் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை அவனையும் அங்கே சேர்த்துவிடுகிறேன். சேர்த்துவிட்டு வந்து அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை, அதற்காக நீ கவலைப்படாதே.

தங்கத்துக்கு எழுதும்போது ஒரு வருஷம் வீணாகிவிட்டது என்று மட்டும் எழுதாதே. கோபம் இருந்தால் எனக்கு எழுது. ஜானகி மோருக்கு மாங்காய் இஞ்சி கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் ஊறுகாயாகவே கொடுத்து அனுப்புகிறேன். மதியம் ஷிப்டில் தலைக்கு ஈரத்துண்டு கட்டிக்கொண்டு போ, தண்ணீர் குடிக்க மறக்காதே. உனக்கும் ஜானகிக்கும் எங்கள் எல்லாருடைய ஆசியும் என்றும் உண்டு, இருவரும் ஒருவர் மனசை ஒருவர் கேட்டு நடந்து நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கைக்கு வந்த உடனே ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட்டை ரத்து செய்துவிடு, தள்ளிப்போடாதே.

உன் அன்பு அம்மா,
க. புஷ்பம்